ஒரு கால் கட்டில்

எங்கள் தெருவில் என் நாத்தனாரை டேப்பக்கா என்றுதான் சொல்வார்கள். இன்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும் பையில் ஒன்று, சமையலறை ஆணியில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நம் தோளைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடும். "அந்த ஜன்னலுக்குக் கீழ முப்பத்தாறு இன்ச் சும்மா கெடக்குது" என்பாள். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டும் சொல்வாள். காலி இடத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான், மூன்று வயது மூத்தவள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. வேறு ஒரு குடும்பம் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாக இவளுக்குத் தெரிந்தது. வந்த அன்று வாசலிலேயே நின்றுகொண்டு, "ரெண்டே மாசம்மா. ஒரு எடம் பாத்துட்டுக் கெளம்பிடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். "அதுக்கென்னக்கா, இது உங்க தம்பி வீடு" என்றேன் நான். சொல்லும்போதே உள்ளுக்குள் அந்த ரெண்டு மாசத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தோம். எட்டடிக்கு ஒன்பதடி. ஜன்னல் உண்டு, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பகலிலும் விளக்குப் போட வேண்டும். முதல் மூன்று மாதம் வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். துணிமணி எல்லாம் அந்தப் பையிலேயே இருந்தது. எடுப்பாள், மடிப்பாள், திரும்பப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடுவாள். கிளம்பப் போகிறவள் அப்படித்தானே இருப்பாள் என்று நானும் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

அவளுக்கு பம்பு உதிரி சாமான்கள் வந்து இறங்கும் ஒரு கிடங்கில், பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது. காலை ஆறுக்குப் போனால் மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். சாமான்கள் மரப்பெட்டிகளில் வரும். பெட்டியை உடைத்துச் சாமானை எடுத்த பிறகு அந்தப் பலகைகளை யார் அள்ளிக்கொண்டு போனாலும் சரி என்று விட்டுவிடுவார்கள். குப்பையை அள்ள ஆள் வைப்பதற்கு இது மேல். இவள் தினம் நாலு பலகையைக் கயிற்றில் கட்டிப் பஸ்ஸில் கொண்டு வருவாள். "கட்டைக்கும் ஒரு டிக்கெட் எடும்மா, அதுவும் சீட்டுல உக்காந்துதான வருது" என்று கண்டக்டர் தினமும் ஒரே ஜோக்கை அடிப்பாராம். இவளும் தினமும் சிரித்து வைப்பாளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மனுஷர் இருக்க முடியாது. பலகையிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவாள். ஒரு வளைந்த ஆணியைக்கூட எறிய மாட்டாள். நான் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். வாரம் ஆறு நாள் நோயாளிகளின் சத்தம், ஏழாவது நாள் சுத்தியல் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் முதலில் செய்தது ஒரு பலகைத் தட்டு. அதை மாட்டிய அன்றுதான் பையிலிருந்த துணி வெளியே வந்தது.

மரவேலையை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், உப்புத்தாள், எலெக்ட்ரீஷியனிடம் பழையதாக வாங்கிய டிரில் மிஷின். தப்புத் தப்பாகச் செய்து பிரித்து மறுபடி செய்வாள். அவளுடைய பெரிய தொல்லை கால்தான். பெட்டி மரத்தில் மெல்லிய பலகை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். கால் வைக்கிற மாதிரி கனமான கட்டை கிடைக்காது. கடையில் வாங்கலாம் என்றால் ஒரு கட்டையின் விலையில் அவள் ஒரு வாரம் பஸ்ஸில் போய் வரலாம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் நீளவாக்கில் ஒரு சட்டத்தை முடுக்கிவிட்டால் பலகையின் ஒரு பக்கம் அதில் உட்கார்ந்துகொள்ளும். பின்னங்கால் ரெண்டும் மிச்சம். அலமாரிக்குச் சுவரே முதுகு. அதற்கப்புறம் மூலையைக் கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இங்க பாரும்மா! மூலையா இருந்தா ரெண்டு பக்கம் சுவரு தாங்கிக்குது. ஒரே ஒரு கால் போதும்!"

அப்படித்தான் அவள் கட்டிலைச் செய்தாள். தலைமாடு ஒரு சுவரில், ஒரு பக்கம் இன்னொரு சுவரில். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைக்கு மட்டும் ஒரு கால். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்து பார்த்தாள், படுத்தும் பார்த்தாள். அசையவில்லை.

அங்கே ஆரம்பித்தது. எனக்குச் சமையலறையில் டப்பா வைக்கத் தட்டு. வாசலில் செருப்பு அலமாரி. சுவரிலிருந்து இறக்கி மடக்குகிற சாப்பாட்டு மேஜை. எனக்கு முகம் பார்க்கும் கண்ணாடியோடு ஒரு அலமாரி, அதில் வளையல் மாட்டத் தனிக் கம்பி. பெட்டிப் பலகை ஆனதால் எல்லாவற்றிலும் ஏதாவது அச்சடித்திருக்கும். மேல்நோக்கி அம்பு, குடை, உடையும் கண்ணாடி டம்ளர். சமையலறைத் தட்டில் அம்பு கீழே பார்த்து நின்றது. "தலைகீழா மாட்டிட்டியே அக்கா, பருப்பெல்லாம் கொட்டிடாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வருஷத்துக்கு ஒரு ஜோக் சொல்கிற மனுஷர். அச்சகத்தில் மிஷின் பக்கத்தில் நின்று நின்று காதும் மந்தம், வாயும் மந்தம்.

ரெண்டு மாசம் ரெண்டு வருஷம் ஆனது. நான் எண்ணுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அத்தை கதவைத் திறந்தாள், பால் காய்ச்சிக் கொடுத்தாள். நான் ஏழு மணிக்கு நிதானமாக வந்தேன். இந்தச் சௌகரியம் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. இடம் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில் செய்யச் சொன்னேன். அக்கா வழக்கம்போல் சுவரை அளக்கப் போனாள். நான் விடவில்லை. "அக்கா, மேல ஒருத்தன் படுக்கப் போறான். சுவத்த நம்பி எல்லாம் வேணாம். நாலு காலும் நல்ல காலா இருக்கணும்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து நாலு கட்டைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், கை மணிக்கட்டைவிடப் பருமன். பெரிய மிஷின் ஒன்று வந்து இறங்கியபோது அதன் அடியில் இருந்தவையாம். பஸ்ஸில் ஏற்ற விடவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒன்றாகத் தோளில் வைத்து நடந்தே கொண்டு வந்திருக்கிறாள்.

"எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். தனி எடம் போனா ஒரு கட்டில் போட்டுக்கலாம்னு" என்றாள். "பரவால்ல. பிள்ளைங்களுக்கு ஆகட்டும்."

"உங்களுக்கு வேற கெடைக்காமலா போகும்?" என்றேன். அதற்கப்புறம் அவளுக்கு அந்த மாதிரிக் கட்டை கிடைக்கவே இல்லை. மிஷின்கள் இரும்புச் சட்டத்தில் வர ஆரம்பித்தன. சின்னப் பெட்டிகளும் கொஞ்சம் கொஞ்சமாக அட்டைக்கு மாறின.

அவள் வந்து பன்னிரண்டாவது வருஷம். பையன் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கு சூப்பர்வைசர் வேலை போட்டுருக்காங்க. ஊரோட அந்தக் கோடியில புதுக் கிடங்கு தொறக்கறாங்க" என்று சொன்னாள். தொடர்ந்து, "பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துட்டேன். மாடியில. அட்வான்ஸ் குடுத்தாச்சு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழம சாவி" என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாளோ.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம் அக்கா" என்றார். அத்தோடு அவர் கடமை முடிந்தது.

"இங்க உங்களுக்கு என்னக்கா கொறச்சல்?" என்றேன்.

"கொறச்சலே இல்லம்மா. அந்த ரூம்ல ஜன்னலத் தொறந்தா தெரு தெரியுது. பஸ் போறது, ஆளுங்க போறது எல்லாம் தெரியுது." நாற்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. "வீட்டுக்காரம்மாவும் நல்ல மாதிரி. ஒரே ஒரு கண்டிஷன்தான். புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களாம். சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். காலண்டர்கூட மாட்டக் கூடாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள், செருப்பு அலமாரியைப் பார்த்தாள், தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"நான் செஞ்சது எதுக்குமே முதுகு இல்லையே" என்றாள்.

அங்குலம் அங்குலமாக அளக்கிறவள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையால் செய்த சாமான்களில், சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் தானாக நிற்கிற சாமான் எங்கள் வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. என் பிள்ளைகளின் அடுக்குக் கட்டில். ஒவ்வொரு பலகையிலும் கட்டையை மிச்சம் பிடித்துப் பிடித்துத் தன்னையே இந்த வீட்டுச் சுவரில் முடுக்கிக்கொண்டுவிட்டாள் என்பது அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மறுநாள் சாயங்காலமே கட்டிலைக் கழற்றிப் பார்த்தாள். ஸ்குருவோடு சுவர்ப் பூச்சும் பாளம் பாளமாக வந்தது. "அக்கா, சுவரு!" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பூசிக் குடுத்துடறேன் தம்பி" என்றாள். சுவரை விட்டு வந்த கட்டில் அந்த ஒற்றைக் காலோடு சாய்ந்து, ஒரு பக்கமாக விழுந்து கிடந்தது. அலமாரி இன்னும் மோசம். கதவு மட்டும் இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். ஐயோ பாவம் என்று இருந்தது. அதே சமயம் உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"வெறும் ரூமாப் போய் அப்பறமா ஒண்ணொண்ணா சேத்துக்கலாமேக்கா?" என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"முட்டி விடாதும்மா. இப்ப தரையில உக்காந்தா எந்திரிக்கச் சுவத்தப் புடிக்கணும். பன்னெண்டு வருஷம் சிமெண்டுத் தரையில நின்னாச்சு." சாய்ந்து கிடந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுவும் இல்லாம, ஒரு பையோட வந்தேன். ஒரு பையோட போக மாட்டேன்."

மூன்று வாரம் கட்டைக்கு அலைந்தாள். கிடங்கில் கேட்டாள், அட்டைப்பெட்டிதான் இருந்தது. மரக்கடையில் கேட்டாள், ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கையில் காசில்லாமல் கடை வாசலில் நிற்கத்தான் முடிந்தது. வேலை முடிந்து தினமும் லேட்டாக வந்தாள். கட்டைக்குத்தான் சுற்றுகிறாள் என்று நினைத்தேன். நாலரை மணிக்கு என் பெண்ணே பூட்டைத் திறந்துகொண்டு வந்து, பாலைக் காய்ச்சுகிறேன் என்று பொங்கவிட்டு வைத்தாள். நான் கோபத்தை எல்லாம் பால் பாத்திரத்தின் மேல் காட்டினேன்.

ஒண்ணாந்தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் பிள்ளைகளின் அறை வாசலில் டேப்போடு நின்றிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மேல் கட்டில்ல இப்ப யாரும் படுக்கறதில்லல்ல?" என்றாள்.

"சூட்கேஸ் எல்லாம் இருக்கேக்கா."

"அத ஒழிச்சுத் தரேன். கதவு மேல ஒரு பலகை அடிச்சா சூட்கேஸ் எல்லாம் ஏத்திடலாம், அர மணி நேர வேல. கீழ்க் கட்டிலுக்கு ஒன்றரை அடி காலு விட்டுட்டு மேல இருக்கிறத அறுத்துக்கறேன். நாலு கட்டையிலயும் நாலரை நாலரை அடி வரும். ஒண்ணுல என் கட்டிலுக்கு மூணு காலு. ரெண்டு கட்டை அலமாரி முதுகுக்கு. மிச்சம் ஒண்ணு என் மேஜைக்குப் பின்னங்கால் ரெண்டுக்கு. நீளச் சட்டமும் அதுலயே இருக்கு. சரியா வருது, கணக்குப் போட்டுட்டேன்." அவசர அவசரமாகச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாதவள் கேட்கும்போது அப்படித்தான் அவசரம் வரும் போலிருக்கிறது.

"பையன் லீவுக்கு வந்தா எங்க படுப்பான்?" என்றேன்.

"பின்னால ரூம்தான் காலியா இருக்குமே."

நியாயமாகப் பார்த்தால் ஒரு பதிலும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் போன பிறகு நாலரை மணிக்குப் பூட்டியிருக்கும் கதவு, பத்தாம் வகுப்புக்குப் போகிற பெண் வீட்டில் தனியாக, ஏழு மணிக்கு வந்து நானே அடுப்பைப் பற்றவைப்பது, எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. பதில் இல்லாதவர்கள் கையில் கிடைத்த பெரிய கல்லை எடுப்பார்கள். நானும் எடுத்தேன்.

"பிள்ளைங்களுக்குன்னு குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களேக்கா" என்றேன்.

டேப் சர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. கோபப்படுவாள், அழுவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். சண்டை வந்தால் நானும் கத்தலாம், கத்தினால் என் பங்குத் தப்பு கொஞ்சம் குறையும்.

"இல்லம்மா" என்றாள். "தப்புதான். குடுத்தது குடுத்ததுதான்."

ஒண்ணாந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள். சாவி வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் திரும்பி வந்து, அட்வான்ஸைத் திருப்பி வாங்கி வந்துவிட்டதாகச் சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து புதுக் கிடங்குக்குப் போய்வரத் தினமும் மூன்று பஸ் மாற வேண்டும் என்பதால் சூப்பர்வைசர் வேலையும் வேறு ஒருத்திக்குப் போனது. அன்று மத்தியானமே சிமெண்டு குழைத்துச் சுவரைப் பூசினாள். அது காய்ந்த பிறகு கட்டிலைப் பழைய இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளி மாட்டினாள், பழைய ஓட்டையில் ஸ்குரு பிடிக்கவில்லையாம். திங்கட்கிழமை நாலரை மணிக்கு என் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், அவளுக்கும் இங்கே துணை இருக்கிறது, தனியாகப் போய் என்ன சாதிக்கப் போகிறாள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்த வக்கீல் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் வாதாடினார்.

போன மாதம் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு அம்மாள் கண்ணில் புரை என்று வந்தார். விலாசம் எழுதும்போது எனக்குக் கை நின்றது. அந்தத் தெரு, அந்த நம்பர். அட்வான்ஸ் ரசீதில் பார்த்தது மறக்கவில்லை.

"மாடியில ரூம் வாடகைக்கு விடறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இப்ப ஆள் இருக்காங்களே. ஏம்மா, உனக்கு வேணுமா?"

"இல்ல, எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க முன்ன பாத்தாங்க. கையில டேப் வெச்சிருப்பாங்க."

அந்த அம்மாள் என் மேஜை மேல் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "அவங்களா! அவங்க நல்லா இருக்காங்களா? வேலை முடிஞ்சு தினம் வருவாங்கம்மா. சாவி ஒண்ணாந்தேதிதான்னு சொன்னேன், சும்மா பாத்துட்டுப் போறேன்னு கேட்டாங்க, நானும் கதவைத் தொறந்து விட்டேன். சாக்பீஸால தரையில கோடு போடுவாங்க. கட்டில் இங்க, அலமாரி இங்க, மேஜை ஜன்னல் பக்கம்னு எல்லாத்துக்கும் கட்டம் கட்டி வெச்சிருந்தாங்க. அலமாரிக் கதவு தொறந்தா எவ்ளோ தூரம் வரும்னு அதுக்கும் ஒரு வளைவு. ஒரு நாள் டீ குடுக்கலாம்னு போறேன், மேஜைக்குப் போட்ட கட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு ஜன்னல் வழியா ரோட்டப் பாத்துட்டிருக்காங்க. அந்தக் கட்டில் கோட்ட மிதிக்காம சுத்தி நடந்து வந்து டீய வாங்கிக்கிட்டாங்க. அப்பறம் என்னாச்சோ, வரலன்னுட்டாங்க. அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நான் அந்தத் தரையத் துடைக்கலம்மா. மனசு வரல."

அவருக்கு டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அடுத்து நின்றவரின் பேரை மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் காதில் விழவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிறு அக்கா கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தாள். நான் மேல் கட்டிலிலிருந்து சூட்கேஸ்களை இறக்கினேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கீழே ஒன்றரை அடி விட்டு அறுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "அக்காவுக்குக் காலு" என்றேன். அவர் ரம்பத்தை எடுத்தார். பிறந்ததிலிருந்து ரம்பம் பிடிக்காத மனுஷர், வேர்த்து விறுவிறுத்து நாலையும் கோணல் மாணலாக அறுத்துப் போட்டார். சட்டங்களைக் கழற்றி எல்லாவற்றையும் துடைத்து, பின்னறை வாசலில் வரிசையாகச் சாத்தி வைத்தேன்.

மூன்றரைக்கு அவள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். நான் என்னவெல்லாமோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். "உங்க கட்டைதான்க்கா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. "நீங்க எங்க வேணும்னாலும் ரூம் பாருங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் ஒரு கட்டையை எடுத்து, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனி வரை பார்த்தாள். விரலால் தட்டினாள். அறுத்த இடத்தைத் தடவி, "இது தம்பி வேலையா?" என்று நாக்கைத் தட்டிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதில் பொய் இல்லை. நல்ல கட்டையைப் பார்த்தால் அவளுக்கு வருகிற சந்தோஷம்தான் அது. "துளி உளுத்துப் போகல பாரு" என்றாள். நாலையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ரெண்டு ஞாயிறு எங்கள் வீட்டில் பழையபடி ரம்பச் சத்தம். எனக்கு அது சத்தமாகவே தெரியவில்லை. அவள் அறையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்க ஆசை. கதவு சாத்தியிருந்தது. ரூம் பார்க்கத் தரகரிடம் சொல்லி வைக்கலாமா என்று என் வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டேன்.

மூன்றாவது ஞாயிறு காலை கதவைத் திறந்து, "ஒரு கை புடிம்மா" என்றாள். ரெண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டு வந்தோம். மேஜை. நாலு கால், முப்பத்துமூன்று இன்ச் உயரம், கீழே ஒரு தட்டு. சுவரில் மாட்டுகிற சட்டமோ ஓட்டையோ எங்கேயும் இல்லை. அவள் நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தாள். எனக்குப் புரிவதற்குள் அதை நடுவில் இறக்கி வைத்தாயிற்று.

"நீ குனிஞ்சு குனிஞ்சு காய் நறுக்கற. முதுகு வலிக்குதுங்கற. இது உன் இடுப்புக்கு அளவு" என்றாள். "கூட்டணும்னா நகத்திக்கலாம். எங்க வேணா வெச்சுக்க."

"அக்கா, நான் உங்களுக்கில்ல கொண்டு வந்து வெச்சேன்?" என்றேன். "உங்க கட்டிலுக்கு மூணு காலு, அலமாரிக்கு ரெண்டுன்னு நீங்கதானே கணக்குப் போட்டீங்க?"

அவள் மேஜையின் விளிம்பில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா காலு?" என்றாள். "என்னோடதெல்லாம் சுவத்துல நல்லாத்தானே நிக்குது."

சொன்னதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அந்த மேஜையில்தான் இப்போது தினமும் காய் நறுக்குகிறேன். முதுகு வலி குறைந்துவிட்டது.